ஏழில் ஒரு பங்கு

யூட் நிக்சன் தந்த தாளில்
எங்கள் முற்றம் நீலப் பேனையால் கீறப்பட்டிருக்கிறது.
பதினொரு வட்டங்கள்,
ஒன்றின் ஓரத்தை ஒன்று கடிக்கின்றன.
"தண்ணி படாத இடமே இருக்காது அக்கா."
இரண்டு லட்சத்து எண்பத்தையாயிரம், டைமரோடு.
குழாய் தாழ்க்கிற கூலி புறம்பு.

புல் வெள்ளிக்கிழமை வருகிறது,
கொழும்பிலிருந்து லொறியில், பாய் மாதிரிச் சுருட்டி.
விரித்த பிறகு கிண்ட ஏலாது.
வியாழனுக்குள் சொல்லவேண்டும்.

மாபிளா டைல்ஸா என்று ஒரு கிழமை சண்டை பிடித்தோம்.
சாமியறைக் கதவுக்கு ஒரு மாசம்.
குகதாசன் அப்போதெல்லாம் கதைத்தார்.
இதற்கு மட்டும்
அலுமாரியைத் திறந்து உறுதியை எடுத்து வந்து
மேசையில் வைத்துவிட்டு
தேத்தண்ணியை ஆறவிட்டார்.

நொத்தாரிசின் தமிழில் மூச்சுவிட இடமில்லை:
கிழக்கு ஒழுங்கை, தெற்கு இன்னார் காணி,
மேற்படி நிலமும் அதிலுள்ள பயன்தரு மரங்களும்
கிணற்றில் ஏழில் ஒரு பங்கும்
வழிவாய்க்கால் பாத்தியதையும்.

ஏழில் ஒன்று என்றால்
ஆழத்திலா, அகலத்திலா?
"நாளில" என்றாள் தவமலர்.
தெற்கு மதிலுக்கு அப்பால் பீற்றூட்டும் வெங்காயமும்
அவளுடையவை. ஏழில் நான்கும்.
"உங்கட முறை ஞாயிறு.
ஞாயிறு முழுக்க இறையுங்கோ, ஆர் கேக்கிறது?"
குரலில் கோபமில்லை.
இருந்திருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்.

டைமருக்கு ஞாயிறு தெரியாது.
விடிய ஐந்தரைக்கு, ஒவ்வொரு நாளும், இருபது நிமிடம்.

செவ்வாய் இரவு வாளியை இறக்கினேன்.
வைகாசியில் குடிபுகுந்த அன்று
தண்ணீர் தொட்ட இடத்தில் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தேன்.
முடிச்சு கப்பியைத் தாண்டி இறங்கிற்று.
இன்னும் ஒரு முழம் விட்டேன்.
இன்னொன்று.
வாளி விழுந்த சத்தம்
எங்கோ யாரோ கதவு சாத்தினது போல.
ஒரு மிடறு குடித்தேன்.
சவர் என்று சொல்ல முடியாது,
இல்லையென்று சொல்ல
நாக்குக் கொஞ்சம் யோசித்தது.

நீர்வேலி.
கூரியர்காரனுக்குத் தொலைபேசியில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.
நீருக்கு வேலியா, நீரே வேலியா,
கிணற்றுக்கட்டில் நின்றுதான் முதன்முதல் கேட்டுக்கொண்டேன்.

புதன் காலை, பல் தீட்டியபடி, வீட்டுப் பின்பக்கம்.
தவமலரிடமும் ஸ்பிரிங்ளர் இருக்கிறது.
பீற்றூட்டுக்கு நடுவில் டிக்டிக்கென்று சுற்றி
சோளகம் அடிக்கும்போது மதிலைத் தாண்டி
எங்கள் பக்கமும் வந்துபோகிறது.
மிஞ்சிய கட்டட மணலில்,
கிழிந்த சீமெந்துப் பையில்,
அரைவட்டமாக.
அந்த அரைவட்டத்துக்குள் மட்டும்
யாரும் போடாத அறுகு,
கொஞ்சம் சாறணை,
எதையோ தேடி நடக்கிற ஒரு செண்பகம்.

கூப்பிட்டுக் காட்டினேன்.
"பன்னிரண்டாவது வட்டம்" என்றார் குகதாசன்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுத்தான் சிரித்தோம்.

தவமலரிடம் சொல்லியிருக்கக் கூடாது.
"ஐயோ, தண்ணி வீணாப் போகுதே!"
குறடோடு ஓடி வந்து
அதன் வாயை வெங்காயப் பக்கம் திருப்பினாள்.
விடுங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன்.
எந்தப் பங்கிலிருந்து சொல்வது?

வியாழன் பின்னேரம் யூட்.
"முடிவு சொல்லுங்கோ அக்கா."
"ஐப்பசி பிறக்கட்டும் தம்பி."
"ஐப்பசி மழைக்க இதை ஆர் அக்கா பூட்டுவினம்?"
அவன் சிரிப்பில் கொஞ்சம் ஏமாற்றம்,
எனக்கும்தான்.
அந்த வட்டங்கள் வடிவாக இருந்தன.
புல்லும் ஐந்து பாய் போதும் என்றேன்,
வாசலுக்கு மட்டும்.

ஞாயிறு. எங்கள் முறை.
வாசல் புல்லுக்கு வாளியால் ஊற்றிவிட்டு
பின்பக்கம் ஓஸ் பைப்பை இழுத்துப் போனேன்.
வாயைப் பெருவிரலால் அடைத்தபோது
தண்ணீர் விசிறியாக விரிந்தது.
அறுகு இரண்டு நாளில் நுனி கருகியிருந்தது.
விரல் விறைத்தது.
குகதாசன் மணிக்கூட்டைப் பார்த்தபடி குசினி வாசலில்,
"இருபது நிமிசம்" என்றார்,
காணும் என்றா
இன்னும் என்றா தெரியவில்லை.